மூக்குப்பேணிக்கு ஒரு பரசூட்: தண்ணி சிந்தாமல் இறக்க ஆர் வாறியள்?

கொழும்புத்துறையான்:

பொங்கல் வருகுது. வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையிலை பட்டங்கள் ஏறப்போகுது. மேலை ஏத்துற வித்தையிலை எங்கடை பெடியளை அடிக்க ஆளில்லை. நான் கேக்கிறது மற்றப் பக்கம். ஒரு சாமானை உயரத்திலையிருந்து பக்குவமாய்க் கீழை இறக்க எங்களாலை ஏலுமோ?

சாமான் மூக்குப்பேணி, ஒரு பக்கம் மூக்கு வைச்ச, தண்ணி குடிக்கிற பேணி. பித்தளையோ வெண்கலமோ, கன வீடுகளிலை இண்டைக்கும் அலுமாரித் தட்டிலை ஒண்டு கிடக்கும். அதுக்குள்ளை 300 மில்லிலீற்றர் தண்ணி அளந்து ஊத்தி, பரசூட்டிலை கட்டி, இரண்டு மாடி வீட்டு மேல்தட்டிலையிருந்து, சரியாய்ச் சொன்னால் 6 மீற்றர் உயரத்திலையிருந்து, முற்றத்துக்கு விடவேணும். கீழை வந்த பிறகு ஆற்றை பேணியிலை கூடத் தண்ணி மிஞ்சி நிக்குதோ அவர் வெண்டார். பரசூட்டை வீட்டிலை கிடக்கிற சாமானிலைதான் செய்யவேணும். ஒண்டும் கடையிலை வாங்கேலாது.

ஏன் தண்ணி எண்டு கேப்பியள். வெறும் பேணி எப்பிடி விழுந்தாலும் ஒரு நெளிவோடை தப்பிவிடும். தண்ணி உள்ளுக்கு இருந்தால்தான் அது இறங்கின விதம் தெரியவரும்.

அடுப்படி அக்கா:

பேணியை இறக்கிறது ஒரு போட்டியே தம்பி? அம்மிக்குழவியை இறக்குங்கோ பாப்பம். கிரைண்டர் வந்த நாள் தொட்டு எங்கடை குழவி கிணத்தடியிலை சும்மா கிடக்குது. எப்பிடியும் 4 கிலோ வரும். அதை அலுங்காமல் இறக்கினால்தான் கெட்டித்தனம்.

பௌதிக ரீச்சர்:

அக்கா, குழவியை இறக்கலாம். கணக்கு அதுக்கு இடம் குடுக்குது. ஒரு பரசூட் சீரான வேகத்திலை இறங்கேக்கை பாரமும் காற்றுத் தடையும் சமமாய் இருக்கும். காற்றின்ரை அடர்த்தி கனமீற்றருக்கு 1.2 கிலோ எண்டும், தட்டையான துணிப் பரசூட்டின்ரை தடைக் குணகம் 0.75 எண்டும் எடுங்கோ. 4 கிலோக் குழவி செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்திலை வரவேணுமெண்டால் 5.4 சதுரமீற்றர் துணி வேணும். ஒரு சேலை 5.5 மீற்றர் நீளம், 1.15 மீற்றர் அகலம். பெருக்கிப் பாத்தால் 6.3 சதுரமீற்றர். ஒரு சேலை ஒரு குழவியைத் தாங்கும்.

ஆனால் துணி விரியாட்டி என்ன நடக்கும்? 6 மீற்றரிலையிருந்து சும்மா விழுற கல்லு நிலத்தைத் தொடேக்கை செக்கனுக்கு 10.8 மீற்றர் வேகத்திலை வரும். மணிக்கு 39 கிலோமீற்றர். கீழை பிள்ளையள் நிண்டு அண்ணாந்து பாக்கப்போற விளையாட்டிலை 4 கிலோக் கல்லை நான் ஒருக்காலும் ஒப்புக்கொள்ளமாட்டன். பேணியோடை நிப்பாட்டுங்கோ.

கொழும்புத்துறையான்:

ரீச்சர் சொன்னதுதான் முடிவு. குழவி இல்லை, ஆட்டுக்கல்லும் இல்லை, தேங்காய் திருவுற திருவலையும் இல்லை. திருவலையின்ரை பல்லு ஆற்றையும் தலையிலை இறங்கினால் போட்டி ஆசுப்பத்திரியிலைதான் முடியும்.

ஏ எல் பெடியன்:

எங்கடை வீட்டிலை கம்பி முறிஞ்ச குடை ஒண்டு இருக்கு. அதின்ரை சீலையை மட்டும் கழட்டி எடுத்தன். 8 துண்டு ஏற்கனவே அளவாய் வெட்டித் தைச்சபடி, நடுவிலை ஓட்டை, ஓரத்திலை 8 முனை. நூல் கட்டுறது மட்டும்தான் பாக்கி. குறுக்களவு 1 மீற்றர். இதுவே காணுமெண்டு நினைக்கிறன். என்ன சொல்லுறியள் ரீச்சர்?

பௌதிக ரீச்சர்:

பேணியும் தண்ணியும் சேத்து 700 கிராம் எண்டு வைப்பம். உம்மடை குடைச்சீலை 0.785 சதுரமீற்றர். வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர் வரும். 1 மீற்றர் உயரத்திலையிருந்து பேணியை நிலத்திலை போட்டால் வாற வேகமும் அதுதான். வீட்டிலை செய்து பாக்கலாம். பேணியிலை தண்ணி ஊத்தி, அந்த 1 மீற்றர் உயரத்திலை பிடிச்சு, கீழை சாக்கை விரிச்சுப்போட்டுக் கையை விடும். எவ்வளவு மிஞ்சுதெண்டு பாரும்.

இன்னொண்டும் கவனியும். வேகத்தைப் பாதியாக்க இரண்டு மடங்கு துணி காணாது, நாலு மடங்கு வேணும். காற்றுத் தடை வேகத்தின்ரை வர்க்கத்தோடை கூடுறதாலை அப்பிடி.

ஏ எல் பெடியன்:

போட்டுப் பாத்தன். பேணி நிமிர்ந்துதான் விழுந்தது, ஆனால் தண்ணி முழுக்க என்ரை காலிலை. ஆனாலும் குடையை விடமாட்டன்.

பட்டக்காரன் (வடமராட்சி):

விடாதை தம்பி. பரசூட்டின்ரை கதையே குடையிலைதான் தொடங்கினது. 1783இல் பிரான்சிலை லெனோர்மோன் எண்டவர் முதலிலை இரண்டு குடையைப் பிடிச்சுக்கொண்டு மரத்திலையிருந்து குதிச்சுப் பாத்தவர். பிறகு அந்த வருசம் மார்கழியிலை மோன்பெலியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலையிருந்து சனத்துக்கு முன்னாலை குதிச்சுக் காட்டினவர். 14 வருசத்துக்குப் பிறகு, 1797 ஐப்பசி 22இல், கார்னெரன் பாரிசிலை பலூனிலை ஏறிப்போய் அங்கையிருந்து பட்டுத்துணிப் பரசூட்டிலை இறங்கினார். உயிர் தப்பினதுதான், ஆனால் தொங்கின கூடை அங்காலை இஞ்சாலை பேயாட்டம் ஆடினது. உச்சியிலை காத்துப் போக வழி இல்லாததுதான் காரணம். உள்ளுக்கு அடைபட்ட காத்து ஒருக்கால் இந்த ஓரத்தாலை, மறுக்கால் அந்த ஓரத்தாலை பிதுங்கி வெளியிலை வரும். ஒவ்வொரு முறையும் துணி மற்றப் பக்கம் சரியும். நடுவிலை ஓட்டை வைச்சால் காத்து ஒழுங்காய் அதாலை போகும்.

உன்ரை குடையிலை அந்த ஓட்டை ஏற்கனவே இருக்கு. ஆனால் அது விரல் கடை அகலம்தான். குறுக்களவிலை பத்திலை ஒண்டு அளவுக்குப் பெருப்பிச்சுப் பார். நூலையும் கட்டையாய்க் கட்டாதை. துணியின்ரை குறுக்களவு எவ்வளவோ, குறைஞ்சது அவ்வளவு நீளம் நூல் வேணும். கட்டையாய்ப் போனால் வாய் சுருங்கி, துணி முழுசாய் விரியாது.

அடுப்படி அக்கா:

சேலைக் கணக்கைப் பாத்திட்டு என்ரை மகள் என்ரை நைலெக்ஸ் சேலையை எடுத்துக்கொண்டு கத்தரிக்கோலோடை வந்து நிண்டாள். 1970களிலை அம்மா கட்டினது அது. நான் அலுமாரித் திறப்பை இடுப்பிலை செருகிப்போட்டன். சேலை வெட்டுற வேலை வேண்டாம். வேறை வழி சொல்லுங்கோ.

பட்டக்காரன் (வடமராட்சி):

அக்கா, வேட்டி இருக்கெல்லே. நாலுமுழ வேட்டி இரண்டு. ஒண்டு 1.8 மீற்றர் நீளம், 1.25 மீற்றர் அகலம். நீளக் கரையோடை நீளக் கரையை வைச்சு நூலோட்டம் போட்டால் 1.8க்கு 2.5, மொத்தம் 4.5 சதுரமீற்றர். கத்தரிக்கோலே வேண்டாம். உச்சி ஓட்டைக்கும் வெட்டத் தேவையில்லை. பொருத்துற இடத்திலை நடுவாலை ஒரு சாண் நீளத்துக்குத் தைக்காமல் விடுங்கோ, இழுபட்டு அது தானாய்த் திறக்கும். போட்டி முடிய நூலை உருவிப்போட்டு வேட்டியை அத்தாரிட்டைத் திருப்பிக் குடுக்கலாம்.

அடுப்படி அக்கா:

உது நல்ல புத்தி. இவரிட்டைக் கேட்டன். கோயிலுக்குக் கட்டுற வேட்டியைத் தொடக்கூடாதாம், மற்ற இரண்டையும் எடுக்கட்டாம். அனுமதி கிடைச்சிட்டுது!

பௌதிக ரீச்சர்:

வேட்டியின்ரை பாரத்தையும் சேருங்கோ, அதையும் காத்துத்தானே தூக்கவேணும். இரண்டும் ஏறத்தாழ 450 கிராம் எண்டால் மொத்தம் 1.15 கிலோ. வேகம் செக்கனுக்கு 2.4 மீற்றர். 28 சென்ரிமீற்றர் உயரத்திலையிருந்து போட்ட மாதிரித்தான், முழங்கால் உயரம்கூட இல்லை. பருத்தித் துணிக்குள்ளாலை கொஞ்சம் காத்து ஊடுருவும் எண்டதாலை உண்மையிலை இன்னும் சற்றுக் கூட வரும். வேட்டியை நனைச்சால் காத்து போறது குறையும், ஆனால் பாரம் ஏறும். காயவைச்ச வேட்டியே நல்லது. கஞ்சி போட்ட வேட்டி எண்டால் இன்னும் நல்லது.

ஸ்காபரோத் தமிழன்:

இஞ்சை கனடாவிலை வெளியிலை பனி கொட்டுது, நான் உங்கடை கருத்துக்கள இழையை வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். ஒரு யோசனை. பேணிக்குக் கீழை 2 மீற்றர் நூலிலை ஒரு மண்பொட்டலம் கட்டிவிட்டால் என்ன? அது முதலிலை நிலத்தைத் தொடும். அதோடை பரசூட்டின்ரை பாரம் குறைஞ்சு பேணி மெதுவாய் வரும். பரசூட்டிலை குதிக்கிற ஆமிக்காரரும் பையைக் கயித்திலை கீழை தொங்கவிட்டுத்தான் இறங்கிறவை.

பௌதிக ரீச்சர்:

அண்ணா, அவைக்கு அந்தப் பை கட்டாயம் கொண்டுபோகவேண்டிய பாரம். அதாலை அதை முதலிலை இறக்கிறது லாபம். எங்களுக்கு மண்பொட்டலமே தேவையில்லை. 1 கிலோ மண் கட்டினால் முதலிலை வேகம் 3.2க்கு ஏறும். மண் நிலத்தைத் தொட்ட பிறகு 2.4ஐ நோக்கிக் குறையத் தொடங்கும். மண் இல்லாமலே 2.4 தானே. சுத்தி வந்து அதே இடத்திலை நிக்கிறம்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். எல்லாரும் ஆட்டத்திலை தண்ணி சிந்தும் எண்டு பயப்பிடுறியள். தண்ணி வாளியைக் கயித்திலை தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டிப் பாருங்கோ, தண்ணி மட்டம் வாளியோடை சேந்து சரியும், சிந்தாது. தூக்குச்சட்டியைக் கையிலை வீசிக்கொண்டு நடக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆடிக்கொண்டு வாறது குற்றமில்லை. ஆட்டத்தின்ரை நடுவிலை, சரிஞ்சபடி நிலத்திலை குத்துறதுதான் குற்றம். உச்சி ஓட்டை வேணுமெண்டு நாங்கள் நிக்கிறதும் அதுக்காகத்தான்.

கொழும்புத்துறையான்:

ரீச்சர், இந்த ஒரு விளக்கத்துக்காகவே இழை தொடங்கினதுக்குப் பலன். எங்கடை ஆக்கள் பேணியைக் கட்டுற விதத்தைக் கொஞ்சம் கதைப்பம். பேணிக்கு ஒரு பக்கம் மூக்கு. அந்தப் பக்கம் பாரம் கூட. கழுத்திலை ஒரு வளையம் போட்டு ஒற்றை நூலிலை தூக்கினால் மூக்குப் பக்கம் தாழும். தாழ்ந்தால் தண்ணி வாயாலை வரமுந்தி மூக்காலை போகத் தொடங்கிவிடும். அண்ணாந்து குடிக்கவெண்டே செய்த மூக்கு அது, கொஞ்சச் சரிவே அதுக்குக் காணும்.

பட்டக்காரன் (வடமராட்சி):

உதுக்கு மருந்து முச்சை, பட்டத்திலை இழுகயித்தைப் பூட்டக் கட்டுற நூல்கால்கள். பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரிஞ்சவன் பேணிக்கும் கட்டுவான். பேணியின்ரை கழுத்தைச் சுத்தித் தங்கூசி நூலாலை இரண்டு சுத்து இறுக்கு. அதிலையிருந்து மூண்டு கால் எடு. ஒண்டு மூக்குக்கு நேர் மேலை, மற்ற இரண்டும் பின்பக்கம் ஆளுக்கொரு தோளிலை. மூண்டையும் ஒரு சாண் மேலை சேர்த்து முடிச்சுப் போடு, ஆனால் இறுக்காதை. பேணிக்குத் தண்ணி ஊத்திப்போட்டு விரலிலை தூக்கிப் பார். தண்ணி விளிம்புக்குச் சரிமட்டமாய் நிக்கிறவரைக்கும் மூக்குப்பக்கக் காலை நூல் நூலாய்க் கட்டையாக்கு. மட்டம் வந்த பிறகு முடிச்சை இறுக்கு. வெறும் பேணியிலை மட்டம் பாத்தால் பிழைக்கும். தண்ணியோடைதான் பாக்கவேணும். நூலும் ஈரம் பட்டால் வழுகும், அதாலை முடிச்சுக்கு மேலை இன்னொரு முடிச்சுப் போடு.

காத்திலை கூவுற விண் பூட்டின பட்டம் கட்டுறவை முச்சையிலை ஒரு மயிரளவு பிசகினாலும் பட்டம் ஒரு பக்கம் இழுக்கும் எண்டு சொல்லுவினம். பேணியிலையும் அதே சட்டம்தான்.

ஏ எல் பெடியன்:

அண்ணை, இரண்டாவது பிரச்சினை. 6 மீற்றருக்குள்ளை துணி விரிய நேரமே இல்லை. சுருட்டி எறிஞ்சால் பாதி உயரம் போனபிறகுதான் காத்துப் பிடிக்குது. பிடிக்கேக்கை ஒரு வெட்டு வெட்டுது. அந்த வெட்டிலேயே தண்ணி துள்ளிப் போகுது.

பட்டக்காரன் (வடமராட்சி):

அதுக்குத்தான் துணிக்கு மூங்கில் சட்டம் போடவேணும் எண்டு நான் நினைக்கிறன். இரண்டு மூங்கில் சிலாகையைக் குறுக்காய்க் கட்டி, வேட்டியின்ரை நாலு மூலையையும் அதிலை இழுத்துக் கட்டிவிட்டால் விடேக்கையே விரிஞ்சபடி இருக்கும். லெயனார்டோ டா வின்சி 1480களிலை கீறின பரசூட்டும் மரச்சட்டம் போட்ட பிரமிட் வடிவம்தான். 2000ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலை ஏட்ரியன் நிக்கலஸ் எண்டவர் அதே மாதிரிச் செய்து பறந்து பாத்தவர். ஆட்டமே இல்லாமல் இறங்கினதாம். ஆனால் சட்டம் பாரம் எண்டதாலை, தரைக்குக் கிட்ட வர அதைக் கழட்டிவிட்டு இப்பத்தைப் பரசூட்டிலைதான் இறங்கினவர்.

அடுப்படி அக்கா:

சட்டம் போட்டால் அது பட்டமெல்லோ! பிறகேன் பரசூட் எண்டு சொல்லுறது? நான் ஒத்துக்கொள்ளன். எங்கடை வேட்டிக்குச் சட்டமில்லை. மகளும் மருமகனும் மேல்தட்டு ஓரத்திலை ஆளுக்கொரு கொக்கத்தடியிலை, நுனியிலை கொக்கி வைச்ச தடியிலை, மூலைகளைக் கொளுவி விரிச்சுப் பிடிப்பினம். நான் "விடு" எண்டு சொல்ல இரண்டு பேரும் ஒரேயடியாய் விடுவினம்.

கொழும்புத்துறையான்:

இரண்டுக்கும் இடம் தாறன். சட்டம் போட்டது ஒரு பிரிவு, போடாதது ஒரு பிரிவு. ஆனால் தண்ணி அளவு ஒண்டாய்த்தான் ஒப்பிடுவம். ஆற்றை வாதம் சரியெண்டு பேணியே சொல்லட்டும்.

பட்டத்திலை தூக்கிக்கொண்டுபோய் மேலையிருந்து விடுற யோசனையைத் தனிமடலிலை இரண்டு பேர் கேட்டவை. ஊதுபத்தியைக் கொளுத்தி நூலிலை கட்டிவிட, நெருப்பு நூலை எட்டேக்கை பேணி கழண்டு வருமாம். யோசனை நல்லது. 1888இல் ஆர்தர் பத்யூ பிரான்சிலை பட்டத்திலை கமரா கட்டிப் படம் எடுத்ததும் இப்பிடி மெதுவாய் எரியிற திரியாலைதான். ஆனால் பெரிய பட்டத்தோடை விளையாட்டு வேண்டாம். 2021 மார்கழியிலை வடமராட்சியிலை கயிறு பிடிச்ச பெடியனையே பட்டம் தூக்கிக்கொண்டு போன வீடியோவை எல்லாரும் பாத்தனியள். கரண்ட் கம்பியும் எல்லா ஒழுங்கையிலையும் போகுது. இந்த வருசம் மேல்தட்டு மட்டும்தான்.

ஸ்காபரோத் தமிழன்:

காத்தை மறந்துபோனியளோ? தையிலை வாடைக்காத்து அடிக்குமே. மெதுவாய் இறங்கிற பரசூட்டைத்தான் காத்துக் கூடத் தூரம் கொண்டுபோகும். செக்கனுக்கு 2.4 மீற்றரிலை 6 மீற்றர் இறங்க 2.5 செக்கன் எடுக்கும். காத்துச் செக்கனுக்கு 5 மீற்றர் எண்டால் 12 மீற்றருக்கு மேலை தள்ளிப்போகும். அடுத்த வளவுக் கிணத்துக்குள்ளை போய் விழும் பேணி. அப்ப தண்ணி நிரம்பித்தான் இருக்கும், ஆனால் அது போட்டித் தண்ணி இல்லை!

பட்டக்காரன் (வடமராட்சி):

சரியான கேள்வி. பட்டத்துக்கு நாங்கள் காத்தைத் தேடிப் போறம், இதுக்குக் காத்து இல்லாத நேரத்தைத் தேடவேணும். விடியப்புறம், வெயில் ஏறமுந்தி. வீட்டுக்கு வாடை படாத பக்கமாய் விட்டால் இன்னும் நல்லது. சுவர் காத்தை மறிக்கும். ஆனால் சுவரிலையிருந்து ஒரு பாகமாவது, இரண்டு கையையும் விரிச்ச அளவாவது, தள்ளி விடவேணும், இல்லாட்டித் துணி சுவரிலை உரஞ்சும். முதலிலை ஒரு பஞ்சுத்துண்டைப் பறக்கவிட்டுக் காத்துப் போற பக்கம் பாருங்கோ.

கொழும்புத்துறையான்:

முடிவு வந்திட்டுது, எல்லாருக்கும் சொல்லவேணும்.

மூண்டு பரசூட் வந்தது. பெடியனின்ரை குடையிலை 300இலை 70 மில்லிலீற்றர் மிஞ்சினது. பட்டக்காரன் அண்ணையின்ரை சட்டம் போட்ட வேட்டி ஒரு சொட்டு ஆட்டமில்லாமல், பாக்கவே ஆசையாய் இறங்கினது. ஆனால் பேணி தரையைத் தொட்ட கையோடை மூங்கில் சட்டம் மேலை வந்து விழுந்து பேணியைச் சாய்ச்சுப்போட்டுது. மிஞ்சினது 110. நூல் நீளமாய் இருந்திருந்தால் சட்டம் அங்காலை விழுந்திருக்கும் எண்டு அண்ணையே சொன்னார்.

அடுப்படி அக்காவின்ரை சட்டமில்லாத வேட்டியிலை 235. பேணிக்கு அடியிலை அவா ஒரு வேலை செய்திருந்தவா. சின்னப் பனையோலைப் பெட்டிக்குள்ளை வைக்கலை அமத்தி, பேணியை அதுக்குள்ளை பாதி புதைச்சு, பெட்டியையும் முச்சையோடை சேத்துக் கட்டியிருந்தவா. பெட்டி நிலத்திலை பட்டு நசிய, பேணி நிமிர்ந்தபடி நிண்டுது. நாங்கள் எல்லாரும் மேலை துணியைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருக்க, அவா கீழை நிலத்தைப் பற்றி யோசிச்சிருக்கிறா. வெற்றி அவாவுக்கு.

பௌதிக ரீச்சர்:

அக்கா, அந்தப் பெட்டிதான் என்ரை கணக்கிலை இல்லாத பகுதி. 2.4 மீற்றர் வேகத்தை 1 சென்ரிமீற்றருக்குள்ளை நிப்பாட்டினால் பேணிக்குப் புவியீர்ப்பின்ரை 29 மடங்கு அதிர்ச்சி. வைக்கல் 10 சென்ரிமீற்றர் நசிஞ்சு குடுத்தால் அது 3 மடங்கு அளவுக்கு இறங்கும். வைக்கல் திரும்பி எழும்பாததும் முக்கியம். பஞ்சு மெத்தை எண்டால் பேணியைத் திருப்பித் தூக்கி எறிஞ்சிருக்கும்.

அடுப்படி அக்கா:

கணக்கு எனக்குத் தெரியாது ரீச்சர். சந்தைக்கு முட்டை கொண்டுபோற பெட்டிக்கு வைக்கல் போடுறதைச் சின்ன வயசிலையிருந்து பாத்தனான், அதுதான் போட்டன். வேட்டியை உருவித் தோய்ச்சுக் காயப்போட்டாச்சு, கறை ஒண்டுமில்லை. வாற வருசம் முட்டையையே இறக்குவம், அவிக்காத முட்டை. பெட்டியும் வைக்கலும் போடக்கூடாது எண்டு இப்பவே சட்டம் போட்டால் நான் வரமாட்டன், சொல்லிப்போட்டன்.

ஏ எல் பெடியன்:

முட்டைக்கு நான் வாறன். அக்கா, அந்த நூலோட்டத்துக்கு எத்தினை இழை நூல் பாவிச்சனியள்? சாணுக்கு எத்தினை தையல்? எங்கடை வீட்டிலையும் அப்பாவின்ரை வேட்டி இரண்டு இருக்கு.

அடுப்படி அக்கா:

இரட்டை இழை, விரல் கடைக்கு ஒரு தையல். திறந்துவிட்ட நடு இடத்தின்ரை இரண்டு முனையிலையும் நாலைஞ்சு தையலை ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் போடு தம்பி, காத்து அடிக்கேக்கை அதிலையிருந்துதான் பிரியத் தொடங்கும். அப்பாவிட்டைக் கேட்டிட்டு எடு.